சிமுலேஷன் தரும் விசையை நம்பி போல்ட் போடலாமா?

கேள்வி இதுதான். சென்னையில் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரத்தில் பெயர்ப்பலகை நிற்கப்போகிறது. நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் காற்று நேராக மோதினால் பலகைமீது எவ்வளவு விசை விழும் என்று சிஎஃப்டி, அதாவது காற்று, நீர் ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடும் சிமுலேஷன் ஓட்டிப் பார்த்திருக்கிறீர்கள். காற்றின் கொந்தளிப்பைத் தோராயமாகக் கணக்கில் எடுக்கும் ஒரு டர்புலன்ஸ் மாடலில் 27 கிலோநியூட்டன் வந்தது, இன்னொன்றில் 34. மேலாளர் எது சரி என்று கேட்கிறார். கூடவே, இதெல்லாம் கலர் படம் காட்டத்தான் லாயக்கு, டிசைனுக்கு உதவாது என்றும் சொல்கிறார்.

மேலாளர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. சிமுலேஷன் ஒரு எண்ணைத் தந்துவிடும். எவ்வளவு மோசமாக செட்டப் செய்தாலும் தந்துவிடும், அதுதான் ஆபத்து. ஆனால் அந்த எண்ணை நம்பலாமா என்பதை சாஃப்ட்வேரின் பெயரோ இடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கும் மெஷ்ஷில் எத்தனை லட்சம் செல் இருக்கிறது என்பதோ முடிவு செய்வதில்லை. விசை உடலின் எந்தப் பக்கத்தில், எந்தக் காரணத்தால் உண்டாகிறது என்று தெரிந்தால் பாதிக் கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும்.

முதலில் பேனாவும் பேப்பரும். காற்றுச் சுமைக்கான இந்திய விதிநூல் ஐஎஸ் 875 மூன்றாம் பகுதி காற்றழுத்தத்தை 0.6 பெருக்கல் வேகத்தின் வர்க்கம் என்கிறது. வேகம் 50 என்றால் 1500 பாஸ்கல். பலகையின் பரப்பு 18 சதுர மீட்டர், ஆக 27,000 நியூட்டன். காற்றுக்குக் குறுக்கே நிற்கும், அகலம் உயரத்தைப்போல இரண்டு மடங்கான தட்டைப் பலகைக்கு விசைக் கெழு (அழுத்தத்தையும் பரப்பையும் பெருக்கி வரும் எண்ணை எத்தனையால் பெருக்கினால் நிஜ விசை கிடைக்கும் என்பது) 1.2ஐ ஒட்டி இருக்கும் என்பது பல பத்தாண்டுகளாக மாதிரிமேல் காற்றை ஊதிப் பார்க்கும் விண்ட் டனலில் அளந்து தெரிந்த விஷயம். பெருக்கினால் 32.4 கிலோநியூட்டன், ஏறக்குறைய 3.3 டன். உங்களுடைய 27 என்பது கெழு சரியாக 1.0 என்று சொல்வதற்குச் சமம், 34 என்பது 1.26. மாடல் பெயரையே பார்க்காமல் 27ஐத்தான் முதலில் சந்தேகப்படுவேன்.

இனி அந்த இரண்டு ரிசல்ட்டையும் திறந்து, மொத்த விசையைப் பலகையின் முன்பக்கம், பின்பக்கம் என்று தனித்தனியாக எடுத்துப் பாருங்கள். எல்லா சாஃப்ட்வேரிலும் இது நாலு கிளிக் வேலை, ஆனாலும் முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை. முன்பக்கம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே எண்தான் இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். காற்று வந்து மோதி வேகம் இழக்கும் இடம் அது. அங்கே அழுத்தம் எவ்வளவு என்பதைக் கிட்டத்தட்ட எந்த மாடலும் சரியாகச் சொல்லிவிடும். 27க்கும் 34க்கும் உள்ள சண்டை முழுக்கப் பின்பக்கத்தில் இருக்கும். விளிம்பைத் தாண்டிய காற்று பலகையின் முதுகை ஒட்டிப் போக முடியாமல் பிரிந்து, பின்னால் சுழன்றுகொண்டு, பலகையைத் தன் பக்கம் உறிஞ்சுகிறது. மொத்த விசையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த உறிஞ்சல்தான்.

நேரத்தோடு மாறாத ஓட்டம் என்று வைத்துக் கணக்கிடும் ஸ்டெடி சிமுலேஷன் தடுமாறுவதும் அங்கேதான். நிஜத்தில் பின்னால் இருக்கும் சுழல்கள் பிறந்து, விலகி, அடித்துச் செல்லப்படுகின்றன. ஸ்டெடி மாடல் அத்தனையையும் ஒரே சராசரிப் படமாக மழுப்பிவிடும். அதனால் பெரும்பாலும் உறிஞ்சலைக் குறைத்தே காட்டும். உங்கள் ரன்னில் ரெசிடுவல், அதாவது கணக்கில் தீராமல் நிற்கும் மிச்சப் பிழை, ஒரு அளவுக்கு மேல் இறங்காமல், விசையின் கோடு மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருந்ததா? அது சமன்பாடுகளைத் தீர்க்கும் சால்வரின் கோளாறு என்று நினைத்து, விடை ஒவ்வொரு படியிலும் எவ்வளவு மாறலாம் என்ற ரிலாக்ஸேஷனைக் குறைத்து அமுக்கிவிடாதீர்கள். ஓட்டமே ஆடுகிறது என்று அது சொல்லிக்கொண்டிருக்கிறது. நேரத்தோடு மாறும் டிரான்சியன்ட் ரன்னுக்கு மாறி, தொடக்கத் தடுமாற்றம் அடங்கிய பிறகு பல சுழற்சிகளுக்கு ஓடவிட்டுச் சராசரி எடுங்கள்.

இத்தனைக்கும் உங்கள் பலகை சுலபமான கேஸ். விளிம்பு கூர்மையாக இருப்பதால் ஓட்டம் எங்கே பிரியும் என்பதில் வாதமே இல்லை, விளிம்பில் பிரிந்தே ஆக வேண்டும். வளைந்த உடல் வந்தால்தான் கதை மாறும். பலகையைத் தாங்கும் குழாயையே எடுத்துக்கொள்ளுங்கள். 10 சென்டிமீட்டர் விட்டம், காற்று நொடிக்கு 10 மீட்டர் என்றால் ரெனால்ட்ஸ் எண் (வேகம், அளவு, காற்றின் பிசுபிசுப்பு மூன்றையும் சேர்த்து ஓட்டத்தின் இயல்பைச் சொல்லும் எண்) 67,000 அளவில் வரும். இந்த நிலையில் குழாயை ஒட்டிய காற்றுப் படலம் இன்னும் அடுக்கடுக்காக, அமைதியாக ஓடுகிறது. சீக்கிரமே பிரிந்துவிடுகிறது, கெழு 1.2 அளவில் இருக்கிறது. ரெனால்ட்ஸ் எண் சுமார் 3 லட்சத்தைத் தாண்டும்போது அதே படலம் கலங்கலாக மாறி, குழாயைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் பின்னால் போய்த்தான் பிரிகிறது. கெழு சடாரென்று 0.3 பக்கம் விழுந்துவிடுகிறது. கால் பங்கு.

இப்போது வழக்கமான டர்புலன்ஸ் மாடல்களான கே-எப்சிலானிலோ எஸ்எஸ்டியிலோ இந்தக் குழாயை ஓட்டினால், மாடல் படலத்தைத் தொடக்கத்திலிருந்தே கலங்கலாக வைத்துக்கொள்ளும். பிரிவு தள்ளிப்போகும், விசை குறைவாக வரும், படம் மட்டும் அழகாக இருக்கும். மெஷ்ஷை எத்தனை மடங்கு நுணுக்கினாலும் இந்தத் தப்பு போகாது, ஏனென்றால் தப்பு மெஷ்ஷில் இல்லை. அடுக்கோட்டம் கலங்கலாக மாறுவதைக் கணக்கில் எடுக்கும் டிரான்சிஷன் மாடல் வேண்டும். இல்லையென்றால் பேசாமல் விதிநூலில் இருக்கும் கெழுவை எடுத்துக்கொள்ளலாம். ஒற்றைக் குழாய்க்கு நான் இரண்டாவதைத்தான் செய்வேன்.

கார் டிசைன் ஆட்கள் இதே பாடத்தை அகமது பாடி என்ற ஒரு எளிய வடிவத்தில் கற்றுக்கொள்கிறார்கள். 1984இல் அகமது, ராம், ஃபால்டின் என்ற மூவர் வெளியிட்ட சோதனை அது. 1044 மில்லிமீட்டர் நீளப் பெட்டி, முன்பக்கம் உருண்டை, பின்பக்க மேல்விளிம்பு சாய்வாக வெட்டப்பட்டது. அந்தச் சாய்வுக் கோணத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போனார்கள். 30 டிகிரி வரை இழுவை, அதாவது காற்று பின்னுக்கு இழுக்கும் விசை, ஏறிக்கொண்டே போய், அதைத் தாண்டியதும் திடீரென்று இறங்குகிறது. 35 டிகிரியில் சாய்வின் மேல் காற்று முழுக்கப் பிரிந்துவிடுவதால் சாதாரண மாடல்களே ஓரளவு சமாளித்துவிடும். 25 டிகிரியில்தான் தலைவலி. அங்கே காற்று பிரிந்து, சாய்வின்மேலேயே திரும்பவும் ஒட்டிக்கொள்கிறது. சில மாடல்கள் அது பிரிவதே இல்லை என்கின்றன, சில பிரிந்தது ஒட்டவே இல்லை என்கின்றன. இன்னும் வேடிக்கை, சாய்வில் ஒரு தப்பும் அதற்குக் கீழே நேர்ப்பின்புறத்தில் எதிர்த்தப்பும் சேர்ந்து மொத்த இழுவை மட்டும் சோதனையோடு பொருந்திவிடும். மொத்த எண் பொருந்தியதை வைத்து வேலிடேஷன் (சோதனையோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது) முடிந்தது என்று எழுதும் ரிப்போர்ட்டுகளை நான் நம்பாததற்கு இதுதான் காரணம். அழுத்தம் பரவியிருக்கும் விதமும் பொருந்த வேண்டும்.

விமானத் துறையிலும் இப்படித்தான். இழுவையைக் கணிப்பதற்கென்றே 2001இல் தொடங்கிய அமெரிக்கப் பயிலரங்குத் தொடரில், டிஎல்ஆர்-எஃப்4 என்ற ஒரே இறக்கை-உடல் வடிவத்தை எல்லாரும் அவரவர் சிமுலேஷன் புரோகிராமில் ஓட்டினார்கள். வந்த விடைகள் நன்றாகவே சிதறியிருந்தன. ஓட்டம் ஒட்டியிருக்கும் இறக்கையின் தூக்குவிசை ஓரளவு எளிதில் பிடிபட்டுவிடும். இழுவை என்பது பின்னால் தள்ளும் பெரிய அழுத்தத்திலிருந்து முன்னால் தள்ளும் பெரிய அழுத்தத்தைக் கழித்த மிச்சம், அதனால் சின்னத் தப்புகூட அதில் பெரிதாகத் தெரியும்.

டர்புலன்ஸ் மாடலுக்குச் சம்பந்தமே இல்லாமல் விசை தப்பும் இடம் ஒன்று உண்டு. பம்ப், வால்வு, பைப்லைன் பக்கம் வேலை செய்பவர்களுக்கு இது கட்டாயம் தெரிய வேண்டும். 300 மில்லிமீட்டர் குழாயில் 90 டிகிரி பெண்டு. தண்ணீர் நொடிக்கு 3 மீட்டர், உள்ளே அழுத்தம் 5 பார். பெண்டைப் பிடித்து நிறுத்த எவ்வளவு விசை வேண்டும்? குறுக்குப்பரப்பு 0.0707 சதுர மீட்டர். அழுத்தத்தால் ஒவ்வொரு திசையிலும் 35,300 நியூட்டன், தண்ணீர் திசைமாறுவதால் இன்னொரு 640. இரண்டு திசையையும் சேர்த்தால் சுமார் 51 கிலோநியூட்டன், 5 டன்னுக்கு மேல். சிமுலேஷனில் வெளிவாயில் அழுத்தத்தைப் பழக்கதோஷத்தில் பூஜ்யம் என்று கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? அமுங்காத ஓட்டத்துக்கு அழுத்த வித்தியாசம் மட்டும் போதும் என்பதால் வேகம், சுழல், அழுத்த இழப்பு எல்லாம் கச்சிதமாக வரும். விசை மட்டும் 900 நியூட்டனை ஒட்டி, 90 கிலோ என்று வரும். அதை நம்பி சப்போர்ட் போட்டால் பெண்டு பிய்த்துக்கொண்டு போகும். இலவச சிஎஃப்டி சாஃப்ட்வேரான ஓப்பன்ஃபோமில் இன்னொரு கண்ணி. அமுங்காத சால்வர்களில் அழுத்தம் அடர்த்தியால் வகுத்தே சேமிக்கப்படுகிறது, விசை கேட்கும்போது அடர்த்தியை நாம்தான் தர வேண்டும். காற்றில் 1 என்று விட்டால் தப்பு 1.2 மடங்கு, கண்ணில் படாது. தண்ணீரில் ஆயிரம் மடங்கு என்பதால் நல்லவேளையாக மாட்டிக்கொள்வோம்.

மெஷ், டொமைன் (சிமுலேஷன் கணக்கிடும் மொத்த வெளி) பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இவை எல்லாப் பாடநூலிலும் உண்டு. மூன்று மெஷ் போதும். ஒவ்வொன்றிலும் செல் அளவு முந்தையதைவிடக் குறைந்தது 1.3 மடங்கு சிறிதாக இருக்கட்டும். விசை 30.1, 31.6, 32.2 என்று இடைவெளி சுருங்கிக்கொண்டே போனால் நல்லது. 30, 33, 29 என்று தாவினால் அந்த எண்ணை யாரிடமும் காட்டாதீர்கள். காற்று வரும் பக்கம், மேலே, இருபுறமும் கட்டட உயரத்தைப்போல 5 மடங்கு இடமும் பின்னால் 15 மடங்கு இடமும் விடுங்கள். டொமைனின் குறுக்குப்பரப்பில் கட்டடமும் பலகையும் 3 சதவீதத்துக்கு மேல் அடைக்கக் கூடாது, அடைத்தால் காற்று பக்கவாட்டில் நெருக்கப்பட்டு விசை ஏறிவிடும். நேரம் மிச்சம் என்று 2டியில் ஓட்ட வேண்டாம். முடிவில்லா நீளமுள்ள பலகைக்குக் கெழு 2.0. பலகையின் இரு முனைகளையும் சுற்றிக் காற்று பின்னால் நுழைந்து உறிஞ்சலைத் தணிப்பது 2டியில் கிடையாது, உங்கள் 32 கிலோநியூட்டன் 54 ஆகிவிடும்.

சரி, இத்தனையும் ஒழுங்காகச் செய்து ஒரு நல்ல எண் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது எந்த விசை? சராசரியா, உச்சமா? 1965 நவம்பர் 1 அன்று இங்கிலாந்தின் யார்க்ஷயரில் ஃபெர்ரிபிரிட்ஜ் மின்நிலையத்தின் எட்டு கூலிங் டவர்களில் மூன்று காற்றில் சரிந்தன. ஒவ்வொன்றும் 114 மீட்டர் உயரம். நூற்றாண்டுக்கு ஒருமுறை வரும் புயல் எதுவும் அன்று அடிக்கவில்லை. டிசைனில் எடுத்துக்கொண்ட காற்று வேகம் ஒரு நிமிடச் சராசரி, சில நொடிகளே நீடிக்கும் வீச்சு அதில் அமுங்கிப்போயிருந்தது. விண்ட் டனல் சோதனையும் தனியாக நிற்கும் ஒற்றை டவருக்கானது. நிஜத்தில் டவர்கள் இரண்டு வரிசையில் நெருக்கமாக நின்றன. விழுந்தவை காற்று முதலில் மோதிய முன்வரிசை டவர்கள் இல்லை, பின்வரிசை. முன்னால் இருப்பவை மறைத்துக் காப்பாற்றும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அவற்றின் இடைவெளியில் புகுந்து வேகமெடுத்த, சுழல் நிறைந்த காற்று பின்வரிசையைத் தாக்கியது.

அந்த டவர்களின் சுவரில் நடந்த கழித்தல் கணக்கையும் சொல்ல வேண்டும். காற்று சுவரை மேல்நோக்கி இழுக்கிறது, சுவரின் சொந்த எடை கீழே அழுத்துகிறது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி தாங்க வேண்டியது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான். காற்றின் இழுப்பு 100, எடை 80 என்றால் கம்பிக்கு 20. காற்று 20 சதவீதம் கூடினால் கம்பிக்கு 40, அதாவது இரட்டிப்பு. மொட்டைமாடியில் வாட்டர்ப்ரூஃபிங் கெட்டுவிடும் என்று டிரில் போடாமல், கான்கிரீட் பிளாக் எடையை மட்டும் நம்பி பலகையும் சோலார் பேனலும் நிறுத்துகிறார்களே, அங்கே இதே கணக்குதான். விசையில் 20 சதவீதப் பிழை பரவாயில்லை என்று அங்கே சொல்லவே முடியாது.

சென்னைக்கு விதிநூல் தரும் 50 மீட்டர் என்பது 3 நொடி வீச்சின் வேகம். திறந்த வெளியில் 10 மீட்டர் உயரத்தில், 50 ஆண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கக்கூடியது. அதை நிலையான காற்றாகக் கொடுத்து, வரும் சராசரி விசையையே உச்ச விசையாக எடுத்துக்கொள்வது உங்கள் பலகை அளவுக்கு நியாயமான வழி. ஒரு வீச்சு 18 சதுர மீட்டரை ஒட்டுமொத்தமாக மூடிவிடும். ஆனால் யாராவது ஆர்வக்கோளாறில் எல்இஎஸ் (பெரிய சுழல்களை நேரடியாகவே கணக்கிடும் சிமுலேஷன்) ஓட்டி, உள்ளே 50ஐச் சராசரி வேகமாகக் கொடுத்து, அதன்மேல் காற்றின் கொந்தளிப்பையும் சேர்த்து, வெளியே வரும் உச்ச விசையை எடுத்தால் வீச்சை இரண்டு முறை கணக்கில் ஏற்றியதாகிவிடும். அந்த வழியில் போவதென்றால் ஒரு மணிநேரச் சராசரியைக் கொடுக்க வேண்டும். திறந்த வெளியில் அது 33 மீட்டர் அளவில் வரும்.

இதுவரை பலகையைத் தனியாக வைத்துத்தான் பேசினோம். தனிப் பலகைக்கு உங்களுக்கு சிஎஃப்டியே தேவையில்லை, விதிநூலின் 1.2 போதும். இடம், உயரம், கட்டடத்தின் முக்கியத்துவம் ஆகியவற்றுக்காக வேகத்தைத் திருத்தும் கே1 முதல் கே4 வரையிலான காரணிகளை மறக்காமல் போடுங்கள், அவ்வளவுதான். சிமுலேஷனுக்கு உண்மையான வேலை கட்டடத்தைச் சேர்க்கும்போது தொடங்குகிறது. சுவரில் மோதிய காற்று மொட்டைமாடி விளிம்பைத் தாண்டும்போது வேகமெடுத்து எகிறுகிறது. பலகை விளிம்பிலேயே நின்றால் அந்த வேகத்தை வாங்கும், நாலு மீட்டர் உள்ளே தள்ளி நின்றால் அதன் கீழ்ப்பகுதி எதிர்ச்சுழலுக்குள் போய்விடலாம். எந்த அட்டவணையும் உங்கள் கட்டடத்துக்கென்று இதைச் சொல்லாது. கட்டடம் இல்லாமல் ஒரு ரன், கட்டடத்தோடு ஒரு ரன், இரண்டிலும் அதே மாடல், பலகையைச் சுற்றி அதே செல் அளவு. முதல் ரன் 1.2ஐத் தருகிறதா என்று சரிபார்த்துவிட்டு, இரண்டாவது முதலாவதைப்போல எத்தனை மடங்கு என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நேரடியான எண்ணைவிட இந்த விகிதத்தை நான் அதிகம் நம்புவேன், ஏனென்றால் மாடலின் பிழை இரண்டிலும் பெருமளவு ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். விகிதம் 1க்குக் கீழே வந்தால் அதை வைத்து விசையைக் குறைக்காதீர்கள். நாளைக்கே பக்கத்தில் புதுக் கட்டடம் எழும்பலாம், காற்றும் வேறு திசையிலிருந்து வரலாம். உயரமான கட்டடம், நீளப் பாலம் என்றால் இன்றைக்கும் கடைசி வார்த்தை விண்ட் டனலுடையது. தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையமான எஸ்இஆர்சியிலேயே அதற்கான டனல் இருக்கிறது. ஒரு பெயர்ப்பலகைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

கடைசியாக, மேலாளரிடம் நான் முதலில் காட்டச் சொல்வது வேறொரு கணக்கு. காற்று நேராக மோதுவதை மட்டும்தான் ஓட்டியிருக்கிறீர்கள். சாய்வாக வந்தால் அழுத்தம் முதலில் காற்றைச் சந்திக்கும் ஓரத்தில் குவியும், விசை பலகையின் நடுவில் விழாது. ஐரோப்பிய விதிநூல் பெயர்ப்பலகைக்கு அகலத்தில் கால் பங்கு விலக்கம் எடுக்கச் சொல்கிறது, கெழுவையே 1.8 என்று வைக்கிறது. கெழு இருக்கட்டும், விலக்கத்தை மட்டும் உங்கள் பலகைக்குப் போட்டுப் பாருங்கள். கால் பங்கு என்றால் 1.5 மீட்டர். 4 மீட்டர் இடைவெளியில் இரண்டு கால்கள் என்று வைத்தால், 32.4 கிலோநியூட்டன் நடுவில் விழும்போது காலுக்கு 16.2. 1.5 மீட்டர் விலகி விழும்போது ஒரு காலுக்கு 28.3, மற்றதற்கு வெறும் 4. நீங்கள் கவலைப்படும் 27க்கும் 34க்கும் உள்ள வித்தியாசம் ஒரு காலுக்கு 3.5தான். காற்றின் திசை 12ஐச் சேர்க்கிறது. அதனால் அடுத்த ரன்னை இன்னொரு டர்புலன்ஸ் மாடலுக்குச் செலவழிக்காமல் 45 டிகிரியில் ஓட்டுங்கள். விசையோடு பலகையின் நடுக்கோட்டைச் சுற்றிய திருப்புத்திறனையும் எடுத்து, ஆங்கர் போல்ட்டை அந்தக் காலுக்கு டிசைன் செய்யுங்கள்.